நேத்துக்குள்ள கால வச்சேன்

கட்டுமாவடி
12.1.2025

அன்புள்ள சுடர் அக்காவுக்கு,

தம்பி செம்மல் எழுதுகிறேன். இங்கே நானும் அருணாவும் சுகம். அங்கே நீயும் மச்சானும் ஓசூர்க் குளிரில் விறைத்துப் போகாமல் இருக்கிறீர்களா?

கடிதம் என்றதும் பதறிவிடாதே, கெட்ட சேதி ஒன்றும் இல்லை. என் போன் ஐஸ் கம்பெனி உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்துவிட்டது. புதிது வாங்கினாலும் கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில் பேச முடியாது. நீயோ வாட்ஸ்அப்பில் எழுதவே மாட்டாய், பேசிப் பேசித்தான் அனுப்புவாய். அதனால் கொஞ்ச நாளைக்கு இப்படியே எழுதிக்கொள்வோம்.

ஒரு உதவி வேண்டும். நம் பாக்கியண்ணன் உயிரோடு இருந்தபோது வெளிவராத பாட்டுகளைப் போன வருடம் அவர் வீட்டார் வெளியிட்டார்கள் அல்லவா, அவற்றை வரி வரியாக எழுதி அனுப்பு. பழைய கேசட் பாட்டுகள் வேண்டாம், புதியவை மட்டும் போதும். ரசிகர் வட்டத்தில் புத்தகம் போடலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது.

உடம்பைப் பற்றிக் கேட்பாய், நானே சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கடைவாய்ப் பல் ஒன்று ஆடுகிறது. சர்க்கரை இல்லை. கம்பெனியில் என்னைக் கம்ப்ரசர் அறையிலிருந்து ஐஸ் ஏற்றும் பக்கம் மாற்றிவிட்டார்கள். நல்ல காற்றோட்டமாக இருக்கிறது.

தம்பி
செம்மல்


ஓசூர்
26.1.2025

அன்புத் தம்பி செம்மலுக்கு,

அக்கா ஆசீர்வாதம். உன் பல் விழுந்ததா, நின்றதா? இங்கே எனக்குச் சளி, மச்சானுக்கு வழக்கம்போல என் மேல் கோபம். மற்றபடி சுகம்.

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்துப் படித்தேன். கணக்கு டீச்சருக்குக் காதல் கடிதமா என்று கேலி செய்தார்கள். கேலி கிடக்கட்டும், எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்ரசர் சத்தத்தில் பேச முடியாது என்கிறாய். அதே கடிதத்தில் கம்ப்ரசர் அறையை விட்டு மாற்றிவிட்டார்கள் என்றும் எழுதுகிறாய். இதில் எது நிஜம்?

அதைவிடப் பெரிய ஆச்சரியம் அந்தப் புத்தகம். தவிலையும் எலெக்ட்ரிக் கிடாரையும் ஒரே மேடையில் மோதவிட்ட மனுஷன், ஒரு கேசட் அட்டையில்கூடப் பாட்டு வரியை அச்சடிக்க விடவில்லை. "பாட்டு காதுக்குப் பொறந்தது, கண்ணுக்கு இல்ல" என்று மேடைக்கு மேடை சொன்னார். அதை அவரைவிடக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவன் நீ. என் நோட்டின் பின்னட்டையில் ஒரு பாட்டை எழுதி வைத்தேன் என்று அந்த அட்டையையே கிழித்தவன் நீ. வட்டத்தில் உனக்குப் பெயரே 'காது'. கிடாரின் மூன்றாம் கம்பியில் அவர் விரல் வழுக்கிய இடத்தைக்கூடச் சொல்லுகிற ஆளுக்கு நான் எழுதிக் கொடுப்பதா?

சரி, கேட்டுவிட்டாய். முதல் பாட்டு இதோ:

"சேத்துக்குள்ள கால வச்சேன், செருப்பு ஒண்ணக் காணோம்
திரும்பிப் பாத்தேன், தெருவில ஒரு நாயக்கூடக் காணோம்
பாய விரிச்சேன் காத்துக்கு, படகு ஒண்ணும் நவரல..."

மீதியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அருணாவுக்கு என் அன்பைச் சொல்.

அக்கா
சுடர்விழி


கட்டுமாவடி
9.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். பல் விழுந்துவிட்டது. உன் சளிக்கு மிளகு ரசம் வைத்துக் குடி.

பாட்டு வந்து சேர்ந்தது. அவசரத்தில் கேட்டிருக்கிறாய் என்று தெரிகிறது. 'சேத்துக்குள்ள' இல்லை அக்கா, 'நேத்துக்குள்ள'. நேத்துக்குள்ள கால வச்சேன். ஒரு மனுஷன் நேற்றைக்குள் திரும்பிப் போகிறான், அங்கே தெருவில் ஒரு நாய்கூட இல்லை. சேறு என்று யார் வேண்டுமானாலும் எழுதுவார்கள். நேற்று என்று எழுதப் பாக்கியண்ணனால்தான் முடியும்.

அதேபோல் 'பாய விரிச்சேன்' இல்லை, 'வாய விரிச்சேன்'. பசியில் காற்றைச் சாப்பிடுகிறான். இங்கே கடல்பக்கம் இருந்தால் உனக்கும் புரியும்.

மற்ற பாட்டுகளையும் அனுப்பு. நான் திருத்திக்கொள்கிறேன்.

தம்பி
செம்மல்


ஓசூர்
2.3.2025

அன்புத் தம்பிக்கு,

நீயும் அருணாவும் சுகம்தானே? எனக்குச் சளி போய்விட்டது, உன்னால் தலைவலி வந்திருக்கிறது.

வாயை யாராவது விரிப்பார்களா? வாயைத் திறப்பார்கள், பிளப்பார்கள், உன்னை மாதிரி அளப்பார்கள். விரிக்கிறது பாய்தான். அடுத்த வரியிலேயே படகு வருகிறது, கடலோரத்தில் இருக்கிற உனக்கு அது தெரியவில்லையா?

நேற்றுக்கும் வருகிறேன். அவன் நேற்றைக்குள் காலை வைத்தான் என்றே வைத்துக்கொள்வோம். செருப்பு ஏன் காணாமல் போகிறது? சேற்றில் காலை வைத்தால்தான் செருப்பு மாட்டும். நம் வல்லத்திராக்கோட்டை வயலில் நீ தொலைத்த செருப்புகளை எடுத்திருந்தால் ஒரு கடையே வைத்திருக்கலாம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். 'நேத்துக்குள்ள' என்பது நன்றாக இருக்கிறது. பாத்திரம் கழுவும்போது என்னை அறியாமல் அப்படித்தான் பாடினேன். எனக்கே கோபம் வந்தது.

போன வாரம் அருணா போனுக்கு இரண்டு தரம் கூப்பிட்டேன். "அவரு அங்கிட்டு நிக்கிறாருங்க மதினி, கூப்புடுறேன்" என்றாள். நீ வரவே இல்லை. அக்காவிடம் ஏதாவது கோபமா? இன்னும் இரண்டு பாட்டுகளை இதில் வைத்திருக்கிறேன்.

அக்கா
சுடர்விழி


கட்டுமாவடி
16.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குறை ஒன்றும் இல்லை. மச்சானுக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரையை நீ எடுத்துக் கொடுக்கிறாயா, அவரே மறக்காமல் போடுகிறாரா?

கோபம் எல்லாம் இல்லை. அன்றைக்கு லோடு வந்திருந்தது.

செருப்பு விஷயம் ரொம்பச் சுலபம். நேற்றைக்குள் போனவன் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டான். ஒரு காலில் நேற்று, ஒரு காலில் இன்று. இதற்கு மேல் ஒரு மனுஷன் எப்படி எழுதுவான்?

இனிச் சொல்லப்போவதைக் கேட்டால் நீ துள்ளிக் குதிப்பாய். நம் வட்டத்தில் மீன் ஏலம் விடுகிற செபமாலை இருக்கிறார் அல்லவா, அவரிடம் ஒரு டேப் இருக்கிறதாம். பாக்கியண்ணன் கடைசியாகப் பாடிப் பார்த்தது, ஒரே ஒரு பாட்டு. அவர் வீட்டாரிடம்கூட அது கிடையாதாம். இத்தனை வருடமாக வெளியே சொல்லாமல் இருந்துவிட்டு இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்கப்போகிறோம். ஆடி மாத நினைவு நாளில் அதை மேடையில் பாடப் போகிறார்கள். வார்த்தைகளை எழுதிக் கொடுக்கிற பொறுப்பு எனக்கு.

தம்பி
செம்மல்


ஓசூர்
30.3.2025

தம்பி,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். கேட்டாயா? எப்படி இருக்கிறது? தவில் உண்டா? குரல் தளர்ந்திருக்கிறதா? அந்த டேப்பைப் போனில் பதிவு செய்து அருணா மூலம் அனுப்பச் சொல்லு. எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சண்டை போட்ட அந்தப் பாட்டை நேற்று மறுபடி போட்டேன். 'நேத்துக்குள்ள' என்றுதான் என் காதிலும் விழுகிறது. நிறுத்தி நிறுத்திப் போட்டாலும் அப்படியேதான் விழுகிறது. நீதான் சரி போலிருக்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்கா
சுடர்விழி


கட்டுமாவடி
6.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அங்கே எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

செபமாலை வீட்டுக் கூடத்தில் உட்கார இடம் இல்லை. ஃபேனை நிறுத்திவிட்டார்கள். டேப் ரெக்கார்டரை ஒரு வெள்ளைத் துண்டு விரித்து அதன் மேல் வைத்திருந்தார், பூ மட்டும்தான் போடவில்லை. புதுக்கோட்டையிலிருந்து நம் வட்டத்து ஆத்மநாதன் சார் வந்திருந்தார். பாட்டு ஆரம்பித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செபமாலையின் மனைவி அடுப்படி வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒருவர் கால் கட்டைவிரலால் தாளம் போட்டார், நடுவில் ஓரிடத்தில் அவர் விரல் அப்படியே நின்றுவிட்டது. கேசட்டுக்குள் இரண்டு சக்கரமும் மெதுவாகச் சுற்றின. பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"காது, நீங்க சொல்லுங்க. கடைசியா என்னா சொல்லி முடிக்கிறாரு?"

"பாரேன் புள்ள" என்றேன்.

"வாரேன் புள்ளன்னுல்ல எங்களுக்குக் கேட்டுச்சு" என்றார் செபமாலை.

"நல்லாக் கேளுங்க" என்றேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தலையை ஆட்டினார்கள். காபி கொடுத்தார்கள்.

டேப்பைப் பதிவு செய்ய அவர் சம்மதிக்கவில்லை. பாக்கியண்ணன் கையால் கொடுத்தது, என் வீட்டுப் படியைத் தாண்டாது என்கிறார். எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாமாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
செம்மல்


ஓசூர்
20.4.2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கண்ணாடி வந்தது, முந்தானை வந்தது, கட்டைவிரல் வந்தது. பாட்டு எங்கே? மெட்டு வேகமா மெதுவா என்று ஒரு வரி இல்லை. கிடார் உண்டா இல்லையா என்று இல்லை. மூன்றாம் கம்பி ஆளா இந்தக் கடிதத்தை எழுதினான்? ஊமைப் படம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வது போல இருக்கிறது. என்னை வெறுப்பேற்றுகிறாய் என்றால், ஜெயித்துவிட்டாய்.

இப்போது என் விஷயம். லீவு விடுவதற்கு முன்னால் ஸ்டாஃப் ரூமில் அந்தப் பாட்டைப் போட்டு, என்ன கேட்கிறது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் 'சேத்துக்குள்ள' என்றார்கள். பியூன் அம்மாகூட, "சேறுதான் டீச்சர், இதுல என்னா சந்தேகம்?" என்றார். எனக்கு மட்டும் 'நேத்துக்குள்ள' என்றே கேட்கிறது. உன் காது தப்பாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை பேருக்கும் காது கெட்டுப்போயிருக்க முடியாதே. எப்படிப் பார்த்தாலும் இடிக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. என் காதில்தான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் காது டாக்டரிடம் போகிறேன். மச்சானிடம் சொல்லவில்லை, நீயும் அருணாவிடம் சொல்லாதே. பயமாக இருக்கிறது, தம்பி. பாட்டு கேட்காமல் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

அக்கா
சுடர்விழி


கட்டுமாவடி
25.4.2025

அக்கா,

டாக்டரிடம் போகாதே. உன் காதுக்கு ஒன்றும் இல்லை. நீ முதலில் எழுதியபடியே வைத்துக்கொள். நிம்மதியாகத் தூங்கு.

செம்மல்


ஓசூர்
11.5.2025

அன்புத் தம்பி செம்மலுக்கு,

நீ எப்படி இருக்கிறாய்? இந்த ஒரு கேள்விக்காவது நேராகப் பதில் எழுது.

உன் கடிதம் வருவதற்குள் நான் போய்விட்டு வந்துவிட்டேன். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்தார்கள். நம் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சத்யபிரியா என்று பெயர், குன்றாண்டார்கோவில்தான் சொந்த ஊராம். மைக்கில் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன். பாய், வாய், காய். சேறு, சோறு, நூறு. ஒன்றுகூடத் தப்பவில்லை. "ஒங்க காது கொழந்தை காது மாதிரி இருக்குங்க மேடம், எதுக்கு வந்தீங்க?" என்று சிரித்தாள்.

நம் பாட்டுச் சண்டையைச் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"நேத்துன்னு ஒருத்தர் சொல்லிட்டா நம்ம மனசும் அதையே எடுத்துக்கும் மேடம், அதுல ஒண்ணுமில்ல. மொதல்ல சொன்னவுங்க யாருங்க? தம்பியா? என்னா வேல பாக்குறாரு? எஞ்சின், மெஷின் பக்கத்துல நிக்கிறவங்களா? அவுங்களுக்கு ராகம் கேக்கும், தாளம் கேக்கும். சானா, பானா, தானா எல்லாம் நழுவிப் போயிரும். மனசு தனக்குத் தெரிஞ்ச வார்த்தையப் போட்டு நெரப்பிக்கும்."

நான் எழுந்து வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். வந்த பஸ்ஸையெல்லாம் விட்டுவிட்டேன். தொட்டிக்குள் விழுந்த போன், அருணா கூப்பிட்டும் வராத நீ, புதுப் பாட்டு மட்டும் போதும் என்றது, ஐஸ் ஏற்றும் பக்கத்துக் காற்றோட்டம். பல் வரைக்கும் எழுதினாயே, இதை ஏன் எழுதவில்லை?

என் காதுக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டருக்கு முன்னால் உனக்கு எப்படித் தெரிந்தது, செம்மல்?

அக்கா


கட்டுமாவடி
8.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இல்லை.

பதில் எழுத இத்தனை நாளானது. அருணா தினமும் பேனாவை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். இரண்டு வருடமாகவே இருக்கிறது. இடது காதில் ஆரம்பித்தது. கம்ப்ரசர் சத்தம் மாறினால் முதலில் தெரிவது எனக்குத்தான் என்று முதலாளி பெருமையாகச் சொல்வார். ஒரு நாள் பேரிங் கத்தியிருக்கிறது, பக்கத்திலேயே நின்ற எனக்குத் தெரியவில்லை. மறுநாளே மாற்றிவிட்டார்கள். திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மீன்பிடித் தடைக்காலத்தில் படகு போகாததால் மராமத்து வேலைக்காகக் கம்பெனியை நிறுத்தினார்கள். எல்லோரும் வெளியே வந்து, என்னா அமைதி என்றார்களாம், அருணாதான் எழுதிக் காட்டினாள். எனக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்தக் கம்ப்ரசர் என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, தூங்கும்போதும் நிற்பதில்லை.

பழைய கேசட் பாட்டெல்லாம் எனக்கு உள்ளே இருக்கிறது அக்கா. போடாமலே கேட்கும். மூன்றாம் கம்பிகூடக் கேட்கும். புதிய பாட்டுதான் உள்ளே வர மாட்டேன் என்கிறது. அதனால்தான் உன்னிடம் எழுதி வாங்கினேன். புத்தகப் பேச்சு பொய். நீ எழுதி அனுப்பியதைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைப் போட்டேன். எனக்குக் கேட்டதும் நீ எழுதியதும் வேறு வேறாக இருந்தது. எது சரி என்று குழம்பினேன். நீ எழுதியதைத் தப்பு என்று சொல்லிவிட்டால் நான் காதாகவே இருக்கலாம் அல்லவா, அதற்காகச் சொன்னேன். பிறகு எனக்கே அது நிஜமாகிவிட்டது.

செபமாலை வீட்டில் நான் டேப் ரெக்கார்டர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விரலில் தவில் தெரிந்தது. வேறு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் பேசியதை உதட்டைப் பார்த்துத்தான் ஊகித்தேன். அவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆனாலும் வார்த்தைகளை இன்னும் என்னிடமே எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். ஆடி வந்துகொண்டிருக்கிறது, என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. பாக்கியண்ணனின் கடைசிப் பாட்டில் நானே எதையாவது போட்டு நிரப்பிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.

காதுக்குப் பிறந்தது என்றார் அவர். காது இல்லாதவனுக்கு என்ன பிறந்தது என்று சொல்லாமல் போய்விட்டார்.

உன்னை டாக்டர் வரைக்கும் அலைய விட்டேனே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

செம்மல்


ஓசூர்
15.6.2025

என் தம்பி செம்மலுக்கு,

அக்கா சுகம். உன் சுகத்தை இனி உன்னிடம் கேட்கப் போவதில்லை, அருணாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு உன்னைத் திட்டினேன். மச்சான் ஓடி வந்து, யாரைத் திட்டுகிறாய் என்று கேட்டார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஊருக்குக் கிளம்ப என் துணிப்பெட்டியை எடுத்து வைத்தது அவர்தான்.

கேள். 'சேத்துக்குள்ள' என்பதே சரி. மேடையில் அதைத்தான் பாட வேண்டும். ஆனால் இங்கே பாத்திரம் கழுவும்போது நான் நேற்றைத்தான் பாடுவேன். அது பாக்கியண்ணன் எழுதாதது, நீ எழுதியது. உன் பாட்டுக்கு நான் ஒருத்தி ரசிகையாக இருந்துவிட்டுப் போகிறேன்.

பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். முதலில் உன்னைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காதைக் காட்டுவது. மெஷின் வைத்தால் பேச்சு ஓரளவு பிடிபடும் என்று அந்தப் பெண் சொன்னாள். பாட்டு எந்த அளவுக்குக் கேட்கும் என்பது மெஷினை வைத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். வீம்பு பண்ணாமல் வா. பிறகு செபமாலை வீட்டுக்குப் போவோம். நீ பெட்டி மேல் கையை வை. நான் கேட்கிறேன், ஒவ்வொரு வரியாக எழுதுகிறேன். வார்த்தை மட்டும் இல்லை, எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே கிடார் தயங்குகிறது, எங்கே யாரோ இருமுகிறார்கள் என்பதையும் எழுதுவேன். தவில் எங்கே விழுகிறது என்று நீ விரலால் காட்டு, அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். பாக்கியண்ணன் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அந்தக் கடைசி வார்த்தை பாரேனா, வாரேனா என்று எனக்கும் தெரியாது. நான் இன்னும் அதைக் கேட்கவில்லை. எனக்கும் பிடிபடாமல் போனால் இரண்டையும் எழுதி வைப்போம். ஆனால் இந்தக் கடிதத்தின் கடைசி வார்த்தையில் உனக்கு எந்தக் குழப்பமும் வரக்கூடாது. அதனால் கொட்டை எழுத்தில் எழுதுகிறேன், நீயே பாரேன்.

வாரேன்.

அக்கா